தோற்ற சேவலின் இடம்

அடைவைத்த முட்டைகளில் பத்துப் பொரிந்தால் அவற்றில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைப்பவர்கள் உண்டு. இயற்கை அந்தப் பொறுக்கலை மதிப்பதில்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தாலே முட்டைகள் கருக்கட்டிவிடும். ஆகவே கோழி வளர்க்கும் எந்த இடத்திலும், ஒவ்வொரு பொரிப்புக்குப் பின்னும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது: மிச்சச் சேவல்களை என்ன செய்வது?

பெரும் பண்ணைத் தொழில் இதற்குக் கண்ட விடை கொடியது. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனங்களில் சேவலுக்குக் கறி பிடிக்காது. தீவனச் செலவுக்குக் கட்டாது. அதனால் ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே பிரித்து அழித்துவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டு இதை நிறுத்தியது. உலகின் பெரும்பகுதியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் ஏற்றி அட்டைப்பெட்டியில் வைத்து விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் அப்படித் தள்ளப்பட்ட சேவல்குஞ்சுகளே. குழந்தைகள் ஆசையாக வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வாரம் தாங்குவதே அரிது.

கிராமத்து வீட்டுக்கு வேறு விடைகள் இருந்தன. ஒரு சேவல் மாப்பிள்ளை விருந்துக்கு, ஒன்று சந்தைக்கு, ஒன்று கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது. இங்கும் முடிவு கத்திதான். ஆனால் கத்தி வரும்வரை அந்தச் சேவல் குப்பையைக் கிளறி, புழுதியில் புரண்டு, விடியலில் கூவி, சேவலாக வாழ்ந்துவிட்டுப் போகிறது. அந்த இடைக்காலத்துக்காகவே ஒரே முற்றத்தில் மூன்று நான்கு சேவல்கள் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. எப்படிச் சேர்ந்திருந்தன? இந்தக் கேள்வி என்னை வெகுகாலமாகப் பிடித்துவைத்திருக்கிறது.

இரண்டு சேவலை ஒன்றாக விட்டால் ஒன்று சாகும்வரை சண்டைதான் என்று பலர் நினைக்கிறார்கள். கோழிகளோடு புழங்கியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் தோட்டத்தில் சிறுவிடைப் பெட்டைகளும், கழுத்து மொட்டைகளும், கருங்கோழிகளும் கலந்து மேய்கின்றன. சேவல்களில் மூத்தது ஒரு செவலை. அடுத்தது எங்கள் சொந்த அடையில் பொரிந்து வளர்ந்த கீரி நிறத்துச் சேவல். காலையில் கம்பு இறைத்ததும் இரண்டும் நேருக்கு நேர் வந்துவிடும். செவலை ஒரு செட்டையை மண்ணில் உரசும்படி தாழ்த்திப் பக்கவாட்டில் அரைவட்டம் போடும். பிடரி இறகு விசிறியாகச் சிலிர்க்கும். கீரியும் சிலிர்க்கும். இரண்டும் தலையைத் தாழ்த்தி, கண்ணைக் கண்ணிலிருந்து எடுக்காமல், இல்லாத இரையைத் தரையில் கொத்தும். பிறகு கீரியின் கழுத்து மெல்லச் சுருங்கும், சிலிர்த்த இறகு படியும், பார்வை விலகும். இரண்டு எட்டு பின்வாங்கி, ஒன்றும் நடக்காததுபோல வேலியோரமாகக் கிளறப் போய்விடும். செவலை துரத்துவதில்லை. பெட்டைகள் தலை தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

இரத்தம் சிந்தாத இந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. இளஞ்சேவலுக்கு ஐந்தாறு மாதமாகிக் கொண்டை சிவந்து கூவப் பழகும் காலத்தில், ஒருநாள் இரண்டும் எகிறி எகிறி அடித்துக்கொண்டன. நான் பதறி எழுந்தபோது பக்கத்துத் தோட்டத்து அத்தை தடுத்தார்கள்: “வெலக்கிவிடாதப்பா. இன்னைக்கு வெலக்குனா நாளைக்கும் அடிச்சுக்கிரும். தோத்தது ஓடுறதுக்கு வழி இருக்கான்னு மட்டும் பாரு.” வழி இருந்தது. கீரி ஓடி, கொடிக்கள்ளி வேலிக்கு அப்பால் மறைந்து, சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அன்றோடு முடிந்தது. அத்தை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில், பல சேவல்களைச் சேர்த்து வளர்ப்பதன் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று இன்று நினைக்கிறேன். சண்டையை இல்லாமல் ஆக்க வளர்ப்பவரால் முடியாது. தோற்றதற்கு ஓட இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள முடியும்.

கோழிக்கூட்டத்தின் இந்த ஒழுங்கை முதன்முதலில் முறையாக எழுதிவைத்தவர் நார்வே நாட்டின் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே. 1894-இல் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே கோழிகளின் மேல் மனம் போய், எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு ஒதுங்குகிறது என்று பையனாக இருக்கும்போதே குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கிவிட்டார். அந்தக் கவனிப்பு முதிர்ந்து 1922-இல் ஜெர்மன் மொழியில் ஆய்வாக வெளிவந்தது. ஒவ்வொரு கோழியும் தன் கூட்டத்திலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறது. இருவருக்குள் யார் கொத்துவது, யார் ஒதுங்குவது என்பது தீர்மானமாகியிருக்கிறது என்று அவர் காட்டினார். கொத்தும் வரிசை என்ற கருத்து அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. அந்த வரிசை எப்போதும் நேரான ஏணியாக இருப்பதில்லை என்பதையும் அவரே பதிவு செய்தார். முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், மூன்றாவதோ முதலாவதை அடக்கும். இப்படி முக்கோணங்களும் உண்டு.

ஷெல்டெருப்-எப்பே தன் கோழிகளிடம் கண்டது சர்வாதிகாரம். உயிர்களின் உலகத்துக்கே அதுதான் அடிப்படை என்று கருதுமளவுக்கு அவர் போனார். அவர் கண்ட உண்மைகளை நான் ஏற்கிறேன். இந்த முடிவை ஏற்க மனம் வரவில்லை. அதே வரிசையை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒருமுறை மோதிய இருவர் அந்த மோதலை மறக்காமல் வைத்துக்கொள்வதால் மறுபடி மோத வேண்டியதில்லாமல் போகிறது. கூட்டத்தின் அமைதி நினைவின்மேல் நிற்கிறது. நினைவு அறுந்தால் அமைதியும் அறுகிறது. ஒரு சேவலை இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்துவைத்துத் திரும்ப விட்டால், அது புதுச்சேவல்தான். எல்லாவற்றையும் முதலிலிருந்து தீர்க்க வேண்டும். தலையையும் கொண்டையையும் பார்த்தே கோழிகள் ஒன்றையொன்று அறிகின்றன என்பதால், கொண்டை அடிபட்டு உருமாறிய சேவலைக்கூடச் சில சமயம் கூட்டம் அந்நியனாக நடத்தும். சண்டைக்காரன் என்று தலைச்சேவலை அறுத்துவிட்டால் அமைதி வரும் என்று எண்ணுபவர்கள் மறுநாளே திகைக்கிறார்கள். அடங்கியிருந்த மற்றவை ஒன்றோடொன்று தீர்க்காமல் வைத்திருந்த கணக்கை அன்றுதான் எடுக்கும்.

இந்த வரிசை கூவலிலும் கேட்கிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா ஆகியோர், சேவல் விடியலில் கூவுவது வெளிச்சத்தைக் கண்டு மட்டும் அல்ல, உடலுக்குள் ஓடும் கடிகாரத்தாலும்தான் என்று 2013-இல் காட்டினார்கள். 2015-இல் அவர்கள் குழு இன்னொன்றையும் சொன்னது: சேர்ந்திருக்கும் சேவல்களில் முதலில் கூவுவது தலைச்சேவல், மற்றவை அதற்குப் பின், தத்தம் வரிசையில் கூவுகின்றன. தலைச்சேவலை அகற்றினால் அடுத்தது அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறது. இருட்டில் படுத்துக் கேட்பவர்களுக்கு இது புதிதாக இராது. முதல் கூவல் கனத்து வரும். அடுத்தது ஒரு மூச்சு பொறுத்து வரும். தொண்டை இன்னும் உடையாத குட்டிச்சேவல் கடைசியில் அரைக் கூவலில் நிற்கும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கீழே இருக்கும் சேவலின் வாழ்க்கை. அடங்கிப்போன சேவல் ஒன்றுமில்லாமல் போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். அது அப்படி நினைப்பதில்லை. நல்ல இரை கிடைத்தால் சேவல் தானே தின்னாது. அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, தலையை ஆட்டி, ‘கொக் கொக்’ என்று அடித்தொண்டையில் விடாமல் குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கும். கீழ்ச்சேவல் இப்படிக் கூப்பிட்டால் தலைச்சேவல் பாய்ந்து வந்துவிடும். அதனால் அது என்ன செய்கிறது? குரலை விட்டுவிட்டு, தலையாட்டலை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கரோலின் ஸ்மித்தும் கிறிஸ் எவன்ஸும் கோழிகளைக் கேமராக்களால் பின்தொடர்ந்து இதைப் பதிவு செய்தார்கள். எங்கள் கீரி கரையான் புற்றைக் கண்டால், மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால், சத்தமே இல்லாமல் அதே ஆட்டத்தை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கழுத்து மொட்டைப் பெட்டை அதைத் தெரிந்துகொண்டு நேராக அங்கே போகும்.

பெட்டைகளும் இந்த அரசியலின் வெறும் பரிசுப்பொருள் அல்ல. சேவல்களுக்கு ஒரு வரிசை இருப்பதுபோல் பெட்டைகளுக்குத் தனி வரிசை உண்டு. பல சேவல்கள் மிதிக்கும் கூட்டத்தில், தான் விரும்பாத கீழ்ச்சேவலின் விந்தைப் பெட்டை தன் உடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது என்று டொமாசோ பிஸ்ஸாரியும் டிம் பர்க்ஹெட்டும் 2000-இல் எழுதினார்கள். யார் குஞ்சு அந்த முற்றத்தில் நாளை ஓட வேண்டும் என்பதில் அவளுக்கும் ஒரு சொல் இருக்கிறது. இப்படி மேலும் கீழும், வெளிப்படையும் மறைவுமாகப் பல வாழ்க்கைகள் ஒரே முற்றத்தில் ஓட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் முற்றத்தில் சுவருக்குப் பின்புறம் என்று ஒன்று இருப்பதுதான்.

குறுந்தொகையின் 305-ஆம் பாட்டை எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கையாண்ட உவமையே பெயராகி, குப்பைக்கோழியார் என்று வழங்குகிறார். தன் காதல் நோய் தானாகத் தணிந்தால் தணிய வேண்டுமே தவிர, களைவார் யாரும் இல்லை என்று சொல்லும் தலைவிக்கு, குப்பைமேட்டில் தாமாக அடித்துக்கொள்ளும் கோழிகளின் போரை அவர் உவமையாக்கினார். ஏவிவிடுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. அந்தத் தனிமையின் துயரம் பாட்டுக்கு உரியது. கோழியைப் பார்த்த கண்ணின் துல்லியமோ என்னை வேறு பக்கம் இழுக்கிறது. ஏவுவார் இல்லாத சண்டை தானாக முடியக்கூடிய சண்டை. குப்பைமேட்டுக்கு நான்கு பக்கமும் இறக்கம் இருக்கிறது. தோற்றது எந்தப் பக்கமும் இறங்கிப் போகலாம்.

ஏவிவிடும் சண்டையும் நம்மிடம் பழையதே. உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். யானையை எதிர்த்து வென்ற சேவலின் கதை அதனோடு ஒட்டியிருக்கிறது. இந்தளூரிலும், விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும் போர்ச்சேவல்களுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலையொட்டிச் சேவல்கட்டுக்குக் கூட்டம் திரள்கிறது. சேவலை வளர்த்து, தட்டிக்கொடுத்து, நீச்சல் விட்டு, அதன் நிறமும் நாளும் பார்த்துக் களத்தில் இறக்குபவர்களின் அன்பு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஒரு சேவலுக்குக் கல் நட்டு எழுத்துப் பொறித்தவர்கள் அதை உயிருக்கு உயிராக நேசித்தவர்களே. ஆனாலும் களம் என்பது என்ன? குப்பைமேட்டின் இறக்கத்தை ஆட்களின் கால்களால் அடைத்துவிட்டால் கிடைப்பதுதான் களம். களைத்து விலகிய சேவலை எடுத்து, தண்ணீர் காட்டி, முகம் துடைத்து, மறுபடி எதிரியின் முன் நிறுத்துகிறார்கள். இயல்பாகச் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும் ஒன்று தீராமல் நீட்டப்படுகிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்த ஏவுதலைக் குற்றமாக்குகிறது. வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ (2011) சேவலைவிட மனிதர்களைப் பற்றிய படம். தோல்வியை வைத்துக்கொள்ள மனதில் இடமில்லாத ஓர் ஆசான் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் அழித்துக்கொள்கிறார். அடைபட்ட களம் கடைசியில் அதை அமைத்தவர் மனதுக்குள்ளேயே போய்விடுகிறது.

களம் சேவலின் இரத்தத்துக்குள்ளும் போயிருக்கிறது. அசில் இனத்துச் சேவல் அழகில் நிகரற்றது: நிமிர்ந்த மார்பு, தடித்த கால், சிறு கொண்டை, அசையாத பார்வை. பின்வாங்கியதை விலக்கி, பின்வாங்காததை மட்டும் இனவிருத்திக்கு வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். விளைவு, எதிரி பணிந்தாலும் நிறுத்தாத, தான் பணியவும் அறியாத பறவை. செவலையும் கீரியும் கழுத்தின் சுருக்கத்தால் பேசிக்கொள்ளும் அந்தப் பேச்சு அதற்கு எட்டுவதில்லை. அசில் வளர்ப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனி மரத்தடியில், ஒன்றின் கயிறு இன்னொன்றை எட்டாத தூரத்தில் கட்டிவைப்பது இதனால்தான். கலப்புக் கூட்டத்தில் வயது வந்த இரண்டு அசில் சேவல்களை அவிழ்த்துவிடுவது எவ்வளவு பெரிய தோட்டமாக இருந்தாலும் தவறு. அங்கே ஓட இடம் உண்டு. ஓடும் குணம் இல்லை.

கலப்புக் கூட்டத்தில் இனத்தோடு உடலளவும் ஒரு சிக்கல். நான்கு கிலோ பெருவிடைச் சேவல் ஒன்றேகால் கிலோ சிறுவிடைப் பெட்டையை மிதித்தால் முதுகிறகு உதிர்ந்து தோல் கிழியும். கால்முள் விலாவில் பாயும். சேவல்கள் கூடிவிட்டனவா என்பதை நான் சேவல்களைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பெட்டைகளின் முதுகைத்தான் பார்க்கிறேன். பிடரியிலும் முதுகிலும் இறகு தேய்ந்து, பகலிலும் பெட்டைகள் கூட்டைவிட்டு இறங்க மறுத்தால், அங்கே சேவல் அதிகம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்ற பழைய கணக்கு அந்த முதுகுகளுக்காகத்தான். அந்தக் கணக்கில் அடங்காத சேவல்களைப் பெட்டைகளின் கண்ணே படாத வேறோர் அடைப்பில் சேவல்கூட்டமாக விட்டால், சிறு வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவை பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

இடம் என்று நான் சொல்வது சென்ட் கணக்கு மட்டும் அல்ல. பத்து சென்ட் வெட்டவெளியில் ஒளிய ஒரு செடியில்லை என்றால் அது களத்துக்குச் சமம்தான். இரண்டு சென்டில் ஒரு முருங்கை, சாய்த்துவைத்த பழைய கதவு, விறகுக்கட்டு, ஆமணக்குப் புதர் என்று கண்ணை மறைக்க நாலு பொருள் இருந்தால் தோற்றது தப்பிவிடும். தீனியை ஒரே தொட்டியில் கொட்டினால் தலைச்சேவல் காவல் நின்றுவிடும். மூன்று நான்கு இடத்தில் இறைத்தால் அதனால் எல்லாவற்றையும் காக்க முடியாது. தண்ணீரும் அப்படியே. கூட்டுக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரே வாசல் என்றால் அதை மறித்துக்கொண்டு நிற்பதற்கு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அடையும் கம்புகள் உயரம் மாறிமாறி இருக்கட்டும். சந்தையில் வாங்கிய சேவலை முதலில் மூன்று வாரம் தள்ளி வைக்க வேண்டும், வெள்ளைக்கழிச்சல் அதனோடு வரலாம். பிறகு கம்பிவலைக்கு அப்பால் வைத்து, மற்றவை அதைப் பார்த்துப் பழகிய பின்பே உள்ளே விட வேண்டும். இவை எல்லாமே ஒரே ஒரு நோக்கத்துக்காகத்தான்: விலகிப் போக நினைக்கும் உயிருக்கு விலகிப் போகும் வழி.

வழி இருந்தும் ஒரு சேவல் விடாமல் துரத்துகிறது, ஒன்று மூலையில் தலையைச் செருகி நிற்கிறது, கொண்டையில் ஆறாத இரத்தம் இருக்கிறது என்றால், அப்போது குறுக்கிடத்தான் வேண்டும். இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் கொத்த வரும். அத்தையின் பேச்சை நான் அலட்சியமாக இருப்பதற்கு உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை. முடியும் சண்டைக்கும் முடியாத சண்டைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கக் கற்பதே வளர்ப்பவரின் கல்வி.

சேவல் இன்னும் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம், சண்டை போடுமா என்ற கேள்வியை விட்டுவிடச் சொல்கிறேன். போடும். தோற்பது எங்கே போய் நிற்கும், எங்கே தின்னும், எங்கே அடையும், இந்த மூன்றுக்கும் உங்கள் முற்றத்தில் கையால் சுட்டிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நல்ல வீட்டுக்குக் கொடுங்கள், அல்லது வலியில்லாமல் அறுத்து நன்றியோடு சாப்பிடுங்கள். இடமில்லாத இடத்தில் நாளெல்லாம் அடிவாங்கி வாழ விடுவதைவிட அது நேர்மையானது. வென்ற சேவலுக்கு நாம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, முற்றம் முழுக்க அதனுடையது. ஒரு கூட்டத்தை வளர்ப்பவரின் பொறுப்பு அந்தக் கூட்டத்தில் தோற்றதிடமிருந்துதான் தொடங்குகிறது. ஊரை, பள்ளிக்கூடத்தை, வீட்டை நடத்துகிறவர்களுக்கும் இதுவே அளவுகோல் என்று நான் நம்புகிறேன்.